கணினி கேள்வி பதில்: பாமினியில் அடித்த பழைய கோப்புகளை என்ன செய்வது?

கேள்வி: பாம்பனில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மீனவ மகளிர் சுய உதவிக் குழுக்களின் தீர்மானங்களையும் உறுப்பினர் பட்டியல்களையும் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறேன். அந்த வேர்டு கோப்புகளை இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைப்பேசியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. எல்லாவற்றையும் மறுபடி அடிக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் உழைப்பு எதுவும் வீணாகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திக்கொண்டவை. நீங்கள் 'தமிழ்' என்று அடிக்கும்போது கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவையே. உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் அது தமிழாகத் தெரிகிறது. கைப்பேசியில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளிப்படுகிறது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு என்பதால் இந்தச் சிக்கல் அதில் எழுவதில்லை. தமிழக அரசும் 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தன் தர அளவாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால், இணைய உலாவியிலேயே இயங்கும் பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தலாம். எதுவானாலும் மூலக்கோப்பில் கைவைக்காமல், அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மாற்றி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே நடுவில் நீங்கள் ஆங்கிலத்தில் அடித்த வங்கிப் பெயரும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் பொருளற்ற தமிழாகிவிடும். கடன் பட்டியலில் ஒரு குறியீடு பிழையானால் அதன் விளைவை அந்தப் பெண்கள்தாம் சுமக்க வேண்டும் என்பதால், ஆங்கிலப் பகுதிகளைத் தொடாமல் தமிழ்ப் பத்திகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். உறுப்பினர் பட்டியல் எக்செல்லில் இருந்தால் பெயர்கள் உள்ள நெடுவரிசையை மட்டும் நகலெடுத்து, மாற்றி, அதே இடத்தில் ஒட்டினால் வரிசை குலையாது. தொகை உள்ள நெடுவரிசைகளை மாற்றவே வேண்டியதில்லை.

நாளைக்கே ஒரு தீர்மானத்தை அனுப்பியாக வேண்டுமென்றால், விண்டோஸ் 10-லேயே உள்ள 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாக அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே போவதால் எந்தக் கைப்பேசியிலும் படிக்க முடியும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது என்பதால் இதை அவசரத்துக்கான வழியாக மட்டும் கொள்ளுங்கள்.

இனிமேல் அடிப்பவற்றுக்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அதில் தமிழ்99, தட்டச்சுப் பலகை ஆகியவற்றோடு பாமினி விசைப்பலகையும் இருக்கிறது. விரல்கள் பழகிய முறையிலேயே அடிக்கலாம், பதிவாவது மட்டும் யூனிகோடாக இருக்கும். பல ஆண்டுப் பழக்கத்தை விடச் சொல்லாமல் உதவுகிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: கீழக்கரையில் நடந்த என் அக்காவின் திருமணப் படங்கள் இருந்த கேமரா மெமரி கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டேன். மீட்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. ஆனால் இந்த நொடியிலிருந்து அந்த கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவில் வழக்கமாகச் செய்யும் ஃபார்மேட், படங்களின் பட்டியலைத்தான் அழிக்கிறது. புதிய படம் அதன் மேல் எழுதப்படும் வரை பழையது அங்கேயே இருக்கும். கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் செருகி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இயக்குங்கள். அது பட்டியலைத் தேடாமல், ஒவ்வொரு ஜேபெக் படத்தின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளக் குறியைக் கொண்டு படங்களைக் கண்டெடுக்கிறது. பழைய கோப்புப் பெயர்கள் கிடைக்காது, வீடியோக்கள் முழுமையாக வராமலும் போகலாம். மீட்ட படங்களைச் சேமிக்கும் இடமாக அதே கார்டை ஒருபோதும் காட்டாதீர்கள். கணினியின் வன்தட்டில் ஒரு புதிய கோப்புறையைக் காட்டுங்கள். பதற்றத்தில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். தேர்வு விண்ணப்பத்துக்குப் படத்தை 50 கேபிக்குள் கேட்கிறார்கள். தரத்தைக் குறைத்தால் முகமே கலங்கிப்போகிறது.

பதில்: தரத்தை முதலில் குறைப்பதுதான் தவறு. இர்ஃபான்வியூ என்ற மென்பொருளில் படத்தைத் திறந்து, முகமும் தோளும் மட்டும் இருக்குமாறு வெட்டி, அகல உயரத்தை விண்ணப்பத்தில் கேட்ட அளவுக்குச் சுருக்குங்கள். அதன் பிறகும் 50 கேபியைத் தாண்டினால் மட்டும், சேமிக்கும்போது தரத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். 1996 முதல் வெளிவரும் இந்த மென்பொருள் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். கடையில் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் உரிமம் வாங்க வேண்டும். இதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு தளங்களில் பெரிய பச்சைப் பொத்தானாக மின்னுவது பல நேரங்களில் விளம்பரமே, மென்பொருள் அன்று.