தட்டுவடையை ஏன் உடைத்துத் தின்கிறீர்கள்?

தட்டுவடையும் முறுக்கும் தின்று வாய் எரிகிறது, இது வாய்ப்புற்றா என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். தட்டுவடையும் முறுக்கும் வாய்ப்புற்றைக் கொண்டுவருவதில்லை. கைபேசியில் பார்த்த படங்களோடு நாக்கை ஒப்பிட்டு இரவெல்லாம் விழித்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்களை இனிமேல் பார்க்காதீர்கள். நாக்கின் பின்பக்கம் வரிசையாகத் தெரியும் மொட்டுகள் எல்லோருக்கும் இருப்பவைதான்.

கார வகைகளைத் தின்றதும் வாய் எரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வாயின் உள்தோல் மிக மெல்லியது. முறுக்கின் முனையும் சிப்ஸின் ஓரமும் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும். மேலே தூவிய உப்பு அந்த இடத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மிளகாய்த்தூளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதே உப்பில் அரைத் தேக்கரண்டியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொப்பளித்துப் பாருங்கள், இதமாக இருக்கும். அந்த அளவு நம் உடல்நீரின் உப்புக்கு நெருக்கமானது. வெறும் கீறல் எரிச்சலாக இருந்தால் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் நீங்கள் கல் உப்பை அள்ளிப் புண்ணில் தேய்த்திருக்கிறீர்கள்! மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மரத்துப்போகும் களிம்பில் மூன்றாவது ட்யூப் ஓடுகிறது. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். வலியை மறைத்துவிட்டு நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்களுக்கு அடங்கவில்லை, ஆறு மாதமாக எரிகிறது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முன்பெல்லாம் தட்டுவடை செட்டை அப்படியே வாயில் போடுவேன், இப்போது உடைத்துத்தான் தின்கிறேன்." நான்கு பக்கக் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இந்த வரிதான். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்ததுதான் செட்; வாயை அகலத் திறந்து முழுசாகப் போடுவதுதான் வழக்கம். சேலத்துக்காரர் யாரும் காரணமில்லாமல் அதை உடைத்துத் தின்னமாட்டார். அதற்கு மேல்வரியிலேயே காரணமும் இருக்கிறது: "புகையிலை கிடையாது, பாக்கு மட்டும்தான். தறியில் உட்கார்ந்தால் நாலைந்து பொட்டலம்."

பாக்கு மட்டும் என்று சொல்லாதீர்கள். பாக்கிலுள்ள ரசாயனம் கன்னத்தின் உள்தோலை மெல்ல மெல்ல நாராக இறுக்கும். முதலில் காரமும் உப்பும் பட்டால் எரியும். பிறகு உள்கன்னம் வெளுத்து, வார்போல் விறைக்கும். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பது இதன் பெயர். சிலருக்கு இதுவே பிற்காலத்தில் புற்றாக மாறுகிறது. புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே சொல்லிவிட்டது.

கண்ணாடி முன் நின்று உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் இந்த வாரமே சேலம் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். மூன்றும் நுழைந்தாலும் போகத்தான் வேண்டும், ஆறு மாத எரிச்சலை நேரில் பார்க்காமல் விட முடியாது. இறுகிய தோல் பழையபடி ஆவது கடினம். ஆனால் இன்று பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் தடுக்க வழி உண்டு. வாய்ப்பயிற்சியும் மருந்தும் ஓரளவு உதவும்.

இன்னொன்று: மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும், வலி இல்லாவிட்டாலும், காட்டிவிடுங்கள். வலிக்காத புண்ணைத்தான் நம் ஊரில் தள்ளிப்போடுகிறார்கள்.

மருத்துவர் கேட்கும்போது வாய் எரிகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். செட்டை உடைத்துத் தின்பதையும் தறியில் போடும் பாக்கையும் முதலில் சொல்லுங்கள்.