கோபத்தை அடக்கினால் இடுப்புவலி கூடுமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். வயது 49. நாலு வருடமாக இடுப்புவலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அதிலிருந்து வீட்டுக்காரர் "எல்லாம் மனசுதான்" என்கிறார். நான் வாயே திறப்பதில்லை. ஆனால் திடீரென்று பிள்ளைகளிடம் வெடித்துவிடுகிறேன். மறுநாள் எழுந்திருக்கவே முடிவதில்லை. கோபத்தை அடக்குவதா, கொட்டிவிடுவதா?

பதில்: சகோதரி, ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். வலி 3 மாதத்தைத் தாண்டிவிட்டால் நரம்பு மண்டலமே கூடுதல் உஷாராகிவிடலாம். சின்ன அசைவும் பெரிதாக வலிக்கும். அதைப் படம் காட்டாது. நாலு வருடம் வலியோடு இருந்தும் நம்பப்படாவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடக்குவதும் கொட்டுவதும் இரண்டுமே வலியைக் கூட்டலாம். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களைச் சீண்டிவிட்டு, கோபத்தை வெளியே காட்டாமல் இருக்கச் சொல்லி ஆய்வு செய்திருக்கிறார்கள். முதுகெலும்பை ஒட்டிய தசைகள் இறுகின, வலியும் ஏறியது. உங்களையே கவனித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் "எல்லாம் மனசுதான்" என்றதும் பாத்திரம் கழுவப் போவீர்கள். பல்லைக் கடித்தபடி, தோளைத் தூக்கியபடி, மூச்சைப் பிடித்தபடி அரை மணி நேரம் குனிந்து நின்றால் இடுப்பு என்ன ஆகும்? அடிக்கடி வெடிப்பவர்களுக்கோ, உடம்பு தானாகச் சுரக்கும் வலிநிவாரணிகள் சரியாக வேலை செய்வதில்லை என்று தெரிகிறது.

கோபம் யார் மேலோ அவரிடமே சொல்லுங்கள்; பிள்ளைகள் மேல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிடமே வேண்டாம். மூச்சை நீளமாக விட்டு, வீட்டுக்கு வெளியே நாலு நடை நடங்கள். மனதில் உள்ளதை எழுதிக் கிழித்துப் போட்டாலும் சரி. அப்புறம், ராத்திரி சாப்பாடு முடிந்து டிவியை அணைத்ததும், "என்னங்க, மனசுதான்னு நீங்க சொல்றப்போ எனக்குக் கோபம் வருது. நான் நடிக்கலை. இனிமே அரிசி மூட்டையை நீங்க தூக்குங்க." இவ்வளவு போதும். பழைய கணக்கை இழுக்காதீர்கள். அவர் கைநீட்டுகிறவர் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அரசின் உதவி எண்ணான தாலியான் காசே (Talian Kasih) 15999-க்கு அழையுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள். ஸ்கேனுக்கும் வலிக்கும் உள்ள இடைவெளியை மருத்துவர் வாயால் அவர் கேட்க வேண்டும். செலாயாங் மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். நாள்பட்ட வலிக்கு மாத்திரையோடு உடற்பயிற்சியும் மன ஆலோசனையும் சேர்ந்தால்தான் பலன் அதிகம்.

கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.