நடுக்களத்திலிருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. உள்ளூர்க் கழகமொன்றில் மிட்ஃபீல்ட் ஆடுகிறான். மாலைதீவில் கிளப் பிடித்துத் தருவதாக ஒருவர் இரண்டு இலட்சமும் பாஸ்போர்ட்டும் கேட்கிறார். வருகிற வருடம் உயர்தரப் பரீட்சை. அனுப்பலாமா ஐயா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. 18 வயது நிரம்பாத பிள்ளையை வெளிநாட்டுக் கிளப் பதிவுசெய்ய பிஃபா பொதுவாக விடாது. உதைபந்தாட்டம் அல்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபோவது போன்ற சில விலக்குகள் உண்டு. இரண்டு இலட்சம் கட்டுவது அதில் இல்லை. அந்த மனிதரிடம் ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிஃபாவின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். கேட்டதும் முகம் மாறினால் தேடவே தேவையில்லை.

18 முடிந்த பிறகு தாராளமாகப் போகட்டும். அப்போதும் இங்குள்ள சம்மேளனத்திடமிருந்து அங்குள்ள சம்மேளனத்துக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் போக வேண்டும். ‘முதலில் விசிட் விசாவில் வரட்டும்’ என்பவரை நம்பவேண்டாம்.

பட்டுத் தெரிந்ததால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1998இல் எனக்கு 24 வயது. விமான நிலையத்தில் இறங்கி மாலேக்குப் படகில் போனேன். பாலம் வந்ததெல்லாம் 2018இல். ஒப்பந்தம் ஒரே ஒரு தாள். கையெழுத்துப் போட்டதும் கிளப் செயலாளர் அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிரதி கேட்டேன். ‘நாளைக்கு’ என்றார். ஏழு மாதம் ஆடினேன், நான்கு மாதச் சம்பளம்தான் கைக்கு வந்தது. மிச்சத்தைக் கேட்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வரும்போது ஐந்து கிலோ மாசிக் கருவாடு கொண்டுவந்தேன். அம்மா அதை வைத்து வருடம் முழுக்கச் சம்பல் இடித்தார். இடிக்கும்போதெல்லாம் அந்தக் கிளப்பையும் சேர்த்து இடித்தார்.

இப்போது இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் பொறுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அந்த விதி 2018இல்தான் வந்தது. அதற்கும் கையில் ஒப்பந்தப் பிரதி இருக்கவேண்டும். மகன் பரீட்சையை எழுதட்டும். அதற்குள் வயதும் வந்துவிடும்.

கேள்வி: நான் ஒல்லி, உயரம் ஐந்தடி ஆறு. மிட்ஃபீல்டுக்குச் சரிவர மாட்டேன் என்கிறார் கோச். உண்மையா அங்கிள்?
– ஒரு மாணவன், கொம்பனித்தெரு

பதில்: தம்பி, குரோஷிய மிட்ஃபீல்டர் லூகா மொட்ரிச் 172 சென்றிமீற்றர், பிரான்சின் மிட்ஃபீல்டர் கான்டே அவரைவிடக் குள்ளம். மொட்ரிச்சைச் சிறுவயதில் மெலிந்தவன் என்று ஹஜ்டுக் ஸ்ப்ளிட் கழகம் எடுக்கவில்லை. டினாமோ ஸாக்ரெப் எடுத்தது, ஆனால் 18 வயதில் பொஸ்னியாவின் மொஸ்தார் நகரத்துக் கிளப்புக்குக் கடனாக அனுப்பிவிட்டது. முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன லீக் அது. அந்தப் பருவத்தில் அங்கே சிறந்த வீரராகத் தெரிவானார். பிறகு 2008இல் ரொட்டன்ஹாம், 2012இல் ரியல் மட்ரிட், 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான விருதான பலோன் டி’ஓர். சின்ன லீக்குக்குப் போவதை வெட்கமாக நினைப்பவர்களுக்கு நான் மொஸ்தாரைத்தான் சொல்வேன்.

2022 ஏப்ரலில் செல்சிக்கு எதிராகச் சக வீரர் ரொட்ரிகோவுக்கு மொட்ரிச் கொடுத்த பாஸைத் தேடிப் பார். வலது காலின் வெளிப்பக்கத்தால் வளைத்த பந்து. அப்போது வயது 36. பார்க்கும்போது காலை விட்டுவிட்டுத் தலையைக் கவனி. பந்து வந்துசேரும் முன்னரே அவர் சுற்றுமுற்றும் பார்த்து முடித்திருப்பார். நாளைக்குப் பயிற்சியில் ஒவ்வொரு பாஸ் வருமுன்பும் இரண்டு தோளுக்கு மேலாலும் ஒரு தடவை பார். ஒரு மாதம் கழித்து கோச் என்ன சொல்கிறார் என்று எழுது.

கேள்வி: இலங்கையில் இருந்துகொண்டே உதைபந்தாட்டத்தில் பிழைக்க முடியாதா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: முடியும், ஆனால் பெரும்பாலும் சீருடை போட வேண்டும். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. மற்றக் கழகங்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து ஆடுகிறவர்கள். 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பிஃபா நம்மைத் தடைசெய்து வைத்திருந்தபோது வெளியுலகக் கதவும் மூடியது. தடைக்கான காரணத்துக்கும் ஆடிய பையன்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கேள்வி: இப்போதும் ஆடுவீர்களா?
– அதே வாசகர்

பதில்: ஞாயிறு காலையில். பாஸ் என்னுடையது, ஓட்டம் பையன்களுடையது.