மாட்டு எலும்புத் துகள் தாடை எலும்பாக மாறுமா?

கேள்வி: பல் பிடுங்கிய குழியில் மாட்டு எலும்புத் துகளை நிரப்பி, 6 மாதம் கழித்து இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கலாம் என்கிறார் மருத்துவர். உடம்பு ஏற்குமா? நோய் தொற்றாதா?

பதில்: குப்பியில் வரும் இந்தத் துகள் உயிருள்ள எலும்பு அல்ல. சூடேற்றியும் காரக் கரைசலில் ஊறவைத்தும் கொழுப்பு, புரதம், செல் எல்லாவற்றையும் நீக்கிய பிறகு மிஞ்சும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். உடம்பு எதிர்ப்பது பெரும்பாலும் அந்நியப் புரதத்தைத்தான் என்பதால், இதை வெளியே தள்ளுவது அரிது. மாட்டின் மூளையைத் தாக்கி மனிதருக்கும் தொற்றக்கூடிய ‘மேட் கவ்’ நோயை மனத்தில் வைத்து, எந்த நாட்டு மாடு, எந்த எலும்பு என்பதிலேயே தயாரிப்பாளர்கள் வடிகட்டுகிறார்கள். அபாயம் மிகமிகக் குறைவு. அறவே இல்லை என்று யாரும் எழுதித் தர முடியாது.

முக்கியமான விஷயம் வேறு. இந்தத் துகள் தானாக எலும்பை உண்டாக்காது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல நிற்கும். அதன் நுண்துளைகள் வழியே உங்கள் ரத்த நாளங்களும் எலும்பு செல்களும் ஏறி வர வேண்டும். ஆகவே, குழியில் உள்ள அழற்சித் திசுவை முழுக்கச் சுரண்டி, சுவரில் ரத்தம் கசியும் நிலையில்தான் நிரப்ப வேண்டும். பல் குழிக்குப் பொதுவாக 0.25 முதல் 1 மி.மீ. துகள் போதும், மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறையான சைனஸில் நிரப்பும் பெரிய இடைவெளிக்கு 1 முதல் 2 மி.மீ. துகளும் பயன்படும். சலைனிலோ உங்கள் ரத்தத்திலோ நனைத்து, மெதுவாக வைக்க வேண்டும். இடித்து அடைத்தால் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மூடி, ரத்தம் நுழையாது. அவசரக் கைகள் அதிகம் செய்யும் பிழை இதுதான்.

ஈறு, எலும்பைவிட வேகமாக வளரும். தடுக்காவிட்டால் குழியை அதுவே நிரப்பிவிடும். அதற்காகத்தான் மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான மெல்லிய சவ்வு. அது குழியின் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. படிய வேண்டும், துகள் அசையவே கூடாது. புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் காயம் பிரிய வழிவிடும். முதல் சில நாள் ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, பலமாகக் கொப்பளிப்பது வேண்டாம். ஓரிரு துகள் உதிர்ந்தால் பயமில்லை. 3 நாளுக்குப் பிறகும் வலி ஏறினால், சீழ் வந்தால், உடனே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஓராண்டு ஆகியும் எக்ஸ்ரேயில் வெள்ளைத் துகள் தெரிகிறதே?

பதில்: இது மிக மெதுவாகக் கரையும், பல ஆண்டு கழித்தும் இருக்கும். தாடையின் பருமன் சுருங்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் அந்த வெண்மையைப் புது எலும்பு என்று நம்பிவிடாதீர்கள். துகளும் வெள்ளையாகவே தெரியும்.

கேள்வி: விலங்குப் பொருள் வேண்டாம் என்றால்?

பதில்: செயற்கை பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் உண்டு. சீக்கிரம் கரைவதால் பருமன் குறையலாம். துகளை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்: சவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. உங்கள் உடம்பிலிருந்தே எலும்பு எடுத்தும் நிரப்பலாம், அதில் உயிருள்ள செல்கள் இருக்கும். ஆனால் எடுக்கும் இடத்தில் இன்னொரு காயம் ஆகும்.

எதைத் தேர்ந்தாலும், குப்பியிலும் சவ்வு உறையிலும் உள்ள லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.