முதலில் தலைகளை எண்ணுவார்கள்

கேள்வி: கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட்டில் டேகேர் சென்டர் நடத்துகிறேன். ஆறு வருஷம் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சென்டர் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ப்ரீஸ்கூலில் 30 பிள்ளைகள், இன்ஃபன்ட் அறையில் 12 கைக்குழந்தைகள். பக்கத்துச் சென்டருக்குப் போன மாதம் லைசென்சிங் இன்ஸ்பெக்‌ஷன் வந்து இரண்டு ‘டைப் ஏ’ குறை (உடனடி ஆபத்து என்ற வகை) எழுதிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கவா, புது பொம்மைகள் வாங்கவா, எங்கிருந்து தொடங்குவது? நான் இல்லாத நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: பெயின்ட் இருக்கட்டும். உங்கள் பணத்தையும் பதற்றத்தையும் வேறு இடத்தில் செலவிட வேண்டும்.

பதினோரு வருஷம் சென்டர் டைரக்டராக இருந்தவள் நான். அந்தக் காலத்தில் எனக்குப் பிடிபட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சோதனை நடந்தாக வேண்டும் என்பது சட்டம், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். புகார் ஏதாவது போனால் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். ஆகவே ‘இன்ஸ்பெக்‌ஷன் நாள்’ என்று ஒன்று கிடையாது. அவர்கள் பார்க்கப்போவது உங்கள் சென்டரின் ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையின் ஏதோ ஒரு மணி நேரத்தை. அந்த மணி எதுவாக இருந்தாலும் தாங்க வேண்டும். தயாரிப்பு என்றால் இவ்வளவுதான், ஆனால் இது லேசான வேலை இல்லை.

அனலிஸ்ட், அதாவது சோதனைக்கு வரும் லைசென்சிங் அதிகாரி, உள்ளே வந்ததும் பொம்மையைப் பார்க்க மாட்டார், தலைகளை எண்ணுவார். அறைக்கு அறை பிள்ளைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு, சைன்-இன் தாளை வாங்கி எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ப்ரீஸ்கூலில் ஒரு டீச்சருக்கு 12 பிள்ளைகள். டீச்சரோடு ஓர் எய்ட் (உதவியாளர்) சேர்ந்தால் 15. அந்த எய்ட் கல்லூரியில் மழலையர் கல்விப் பாடங்களில் 6 யூனிட் முடித்தவர் என்றால் 18. இன்ஃபன்ட் அறையில் நான்கு குழந்தைக்கு ஒருவர். இது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அட்டவணையில் எல்லோரும் சரியாகத்தான் வைத்திருப்போம், அட்டவணைக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் வழுக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதியம் 12.50. பிள்ளைகள் 22 பேர் பாயில் படுத்துத் தூங்குகிறார்கள். தூங்கும் நேரத்தில் மட்டும் ஒருவரே 24 ப்ரீஸ்கூல் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆனால் மற்ற டீச்சர்கள் கூப்பிட்டதும் வரும்படி அதே சென்டருக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு இன்னொரு டீச்சர் சாப்பாடு வாங்கச் சாலைக்கு எதிர்ப்புறம் போயிருந்தார். பத்தே நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அனலிஸ்ட் வந்து வாசல் மணியை அடித்தார். எங்கள் சென்டர் வாங்கிய முதல் சைட்டேஷன், அதாவது விதிமீறல் குறிப்பு, அதுதான். அந்த டீச்சர் மேல் தப்பு இல்லை. வெளியே போகக்கூடாது என்று நான் யாருக்குமே எழுதிக் கொடுத்ததில்லை.

அதனால் அடுத்த வாரம் ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை ஒரு நோட்டோடு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் தலைகளை எண்ணி எழுதுங்கள். எட்டு மணிக்கு இரண்டு குழந்தைகள் சேர்ந்தாற்போல் வரும்போது என்ன ஆகிறது? ஒரு பிள்ளையை டாய்லெட்டுக்குக் கூட்டிப் போகிற டீச்சர் பின்னால் எத்தனை பேரை விட்டுவிட்டுப் போகிறார்? விளையாட்டு மைதானத்திலிருந்து உள்ளே வரிசையில் வரும்போது கடைசியில் யார் நிற்கிறார்? ஐந்தேகாலுக்கு இரண்டு டீச்சர்கள் கிளம்பிய பிறகு, பெற்றோர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் கணக்கு எங்கே நிற்கிறது? அந்த நோட்டில் எங்கே வழுக்குகிறதோ அங்கே காசு போட்டு ஒரு ஆளைச் சேருங்கள். பெயின்டுக்கு வைத்திருந்த பணம் அதற்குத்தான்.

எண்ணி முடித்தவர் அடுத்துப் பார்ப்பது, எண்ணிய பெரியவர்கள் யார் என்பதை. லைவ் ஸ்கேனில் கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணி இல்லை என்ற கிளியரன்ஸ் வந்துவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், போதாது. அந்த கிளியரன்ஸ் உங்கள் சென்டரின் லைசென்ஸ் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு சென்டரிலிருந்து வந்த டீச்சரிடம் பழைய கிளியரன்ஸ் இருக்கும், அதை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க மாட்டீர்கள். இதற்கு அபராதம் அங்கேயே விழும்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஐந்து நாள்வரை. பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் முப்பது நாள்வரை. இன்று சாயங்காலமே இந்த கிளியரன்ஸ்களைப் பார்க்கும் துறையின் கார்டியன் இணையதளத்தைத் திறந்து, உங்கள் ரோஸ்டரில் இருக்கும் பெயர்களையும் அறைகளில் நிற்கும் ஆட்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

டீச்சர்களின் ஃபைலில் நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. டிபி பரிசோதனை அதில் ஒன்று. நமக்கெல்லாம் பிறந்ததும் காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசி போட்டிருப்பார்கள். அதனால் கையில் போடும் ஸ்கின் டெஸ்ட் நோய் இல்லாமலேயே வீங்கிப் பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, அலைச்சல், வேலையில் சேரத் தாமதம். டாக்டரிடம் முதலிலேயே ரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள், பிசிஜி அதைக் குழப்பாது. அடுத்தது தடுப்பூசி. தட்டம்மை, கக்குவான் இரண்டுக்கும் 2016 செப்டம்பர் 1 முதல் ஊழியர்களிடம் சான்று இருந்தாக வேண்டும். ஊரில் போட்ட அட்டை யாரிடம் இருக்கிறது? தட்டம்மைக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று டைட்டர் டெஸ்ட் எடுத்தால் அதுவே சான்று. கக்குவானுக்கு இங்கேயே ஊசி போட்டுவிடுவது சுலபம். ஃப்ளூ ஊசி வருஷாவருஷம் ஆகஸ்ட் 1-க்கும் டிசம்பர் 1-க்கும் இடையில். வேண்டாம் என்பவர்கள் அதைக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கலாம், அந்தத் தாள் ஃபைலில் இருக்க வேண்டும்.

படிப்புச் சான்றும் அப்படித்தான். டீச்சர் என்று கணக்கில் நிற்க மழலையர் கல்வியில் 12 செமஸ்டர் யூனிட் வேண்டும். 6 முடித்தவர் மீதியைப் படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். சென்னையில் வாங்கிய மான்டிசோரி டிப்ளமாவை அப்படியே ஃபைலில் வைத்துவிட்டு ஒருவரை டீச்சர் என்று எண்ணாதீர்கள். இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்கிய தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்தத் தாள் வரும்வரை அவர் எய்ட். இல்லாவிட்டால் நீங்கள் 12 பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அனலிஸ்ட்டின் கணக்கில் அந்த அறையில் டீச்சரே இருக்க மாட்டார்.

குழந்தைகளுக்கான சிபிஆர், முதலுதவிச் சான்று உள்ள ஒருவர், பிள்ளைகள் இருக்கும் எல்லா நேரமும் சென்டரில் இருக்க வேண்டும். காலை ஏழரைக்குத் திறப்பவரிடம் அது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பத்து மணிக்கு வருகிறவரிடம்தான் இருக்கும். குழந்தைகள் மீதான வன்முறையைப் புகார் செய்யும் பொறுப்புக்கான பயிற்சியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆன்லைனில் இலவசமாகவே முடிக்கலாம்.

இன்ஃபன்ட் அறைக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் கவனத்தில் பாதி இந்த அறைக்குத்தான் போக வேண்டும், விதிக்காக மட்டும் சொல்லவில்லை. பாதுகாப்பான தூக்கத்துக்கான விதிகள் 2020-இல் நடைமுறைக்கு வந்தன. தொட்டிலில் இறுக்கமான ஷீட்டைத் தவிர வேறெதுவும் கூடாது. தலையணை, போர்வை, பொம்மை, பக்கவாட்டு மெத்தை எதுவும் கூடாது. துணியில் சுற்றிப் படுக்கவைக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எல்.ஐ.சி. 9227 தூக்கத் திட்டம் (எல்.ஐ.சி. என்பது லைசென்சிங் துறைப் படிவங்களின் எண்ணுக்கு முன்னால் வருவது) ஃபைலில் இருக்க வேண்டும், மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்த்து அதை எழுத வேண்டும். அந்த லாக் தாளை வாங்கிப் பார்த்ததுமே அனலிஸ்ட்டுக்குத் தெரிந்துவிடும். 1.00, 1.15, 1.30 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், வரிசையாக எழுதியிருந்தால் அது கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது. உண்மையான லாக்கில் 1.02, 1.14, 1.31 என்று இருக்கும், நடுவில் ‘இருமினான்’ என்று ஒரு சொல் இருக்கும். தொட்டில் பக்கத்திலேயே பேனாவைக் கட்டித் தொங்கவிடுவது ஆபத்து. சுவரில், பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் கிளிப்போர்டை மாட்டுங்கள்.

நம் பாட்டிகள் வந்து நிற்பார்கள். “குளிர்கிறதே, ஒரு துண்டு போர்த்தினால் என்ன?” “குப்புறப் படுத்தால்தான் பிள்ளை தூங்கும்.” அவர்களிடம் விதியை நீட்டாதீர்கள். தூக்கத்தில் மூச்சு முட்டுவது சத்தமில்லாமல் நடக்கும் என்பதைப் பொறுமையாகச் சொல்லி, போர்வைக்குப் பதில் உடம்போடு போடும் ஸ்லீப் சாக்கைக் காட்டுங்கள். கழுத்தில் மணி, கறுப்புக் கயிறு, தாயத்து போட்டு வரும் குழந்தைக்குத் தூங்கும் முன் அதைக் கழற்றி, பெயர் எழுதிய கவரில் போட்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுங்கள். சேர்க்கையின்போதே இதைப் பேசி எழுதி வாங்கிவிட்டால் தினமும் வாக்குவாதம் இருக்காது.

பையில் க்ரைப் வாட்டர் வரும். அதுவும் மருந்துக் கணக்குதான். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல், லேபிள் உள்ள ஒரிஜினல் பாட்டில் இல்லாமல் வாங்கி வைக்காதீர்கள். வாங்கினால் எட்டாத இடத்தில், மற்ற மருந்துகளோடு. டீச்சர்களின் கைப்பையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கதவுக்குப் பின்னால் தாழ்வான கொக்கியில் தொங்கும் பையில் தலைவலி மாத்திரை, சானிடைசர், லைட்டர் எல்லாம் இருக்கும், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது சரியாகக் கைக்கு எட்டும் உயரம். பூட்டுப் போட்ட ஒரு அலமாரி வாங்கி, எல்லாப் பைகளும் அதில்தான் என்று இன்றே சொல்லிவிடுங்கள். சிங்க்குக்குக் கீழே ப்ளீச் வைத்திருக்கும் கதவின் பூட்டையும் இழுத்துப் பாருங்கள். பூட்டு இருக்கும், பூட்டியிருக்காது.

சைன்-இன் தாளில் நேரமும் முழுக் கையெழுத்தும் வேண்டும். ‘எஸ்.கே.’ என்ற இனிஷியல் போதாது, ‘அப்பா’ என்று எழுதிவிட்டுப் போவதும் கையெழுத்து ஆகாது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா கூட்டிப்போகிறார் என்றால், அவர் பெயர் குழந்தையின் எல்.ஐ.சி. 700 படிவத்தில் அனுமதிப்பட்டவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். என்னிடம் ஒரு பாட்டி மாதக்கணக்கில் தமிழிலேயே கையெழுத்துப் போட்டார். அனலிஸ்ட் இது யார் என்று கேட்டார், 700-இல் பெயரைக் காட்டினேன், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இதோடு டாக்டர் அறிக்கை, அவசரச் சிகிச்சைக்கான சம்மதம், தடுப்பூசி விவரம் ஆகியவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை 42 ஃபைலிலும் சரிபார்த்து முடித்துவிடலாம்.

பழைய கட்டடம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2010-க்கு முன் கட்டியது என்றால் குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டும். நூறு கோடியில் ஐந்து பங்குக்கு மேல் போனால் அந்தக் குழாயை உடனே நிறுத்த வேண்டும். முந்தைய வாடகைதாரர் செய்த சோதனையின் தாள் உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். தீ, நிலநடுக்க ஒத்திகை ஆறு மாதத்துக்கு ஒன்று, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். லைசென்ஸ், பெற்றோர் உரிமை, அவசரத் திட்டம், வார மெனு ஆகியவை கதவருகே ஒட்டியிருக்க வேண்டும். மீதிச் சில்லறை விஷயங்களுக்கு, அனலிஸ்ட்கள் பயன்படுத்தும் ‘கேர் டூல்’ சரிபார்ப்புத் தாள்களையே லைசென்சிங் துறை தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டு நீங்களே உங்கள் சென்டரைச் சோதியுங்கள்.

நீங்கள் இல்லாதபோது வந்தால்? காத்திருக்கச் சொல்ல முடியாது, உள்ளே விடாமல் இருக்கவும் முடியாது. ஆகவே உங்களுக்குப் பதில் பொறுப்பேற்பவர் யார் என்று எல்.ஐ.சி. 308-இல் எழுதி, அவர் கையில் ஃபைல் அலமாரிச் சாவி இருக்கும்படி பாருங்கள். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். அனலிஸ்ட்டை வரவேற்க அறையிலிருந்து டீச்சரை இழுத்துவரக் கூடாது, அந்த நிமிஷமே கணக்கு உடையும். பிள்ளைகளிடமும் டீச்சர்களிடமும் தனியாகப் பேச அனலிஸ்ட்டுக்கு அதிகாரம் உண்டு. என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள்.

முடிவில் அனலிஸ்ட் உட்கார்ந்து பேசி, எல்.ஐ.சி. 809 அறிக்கையைக் கொடுப்பார். டைப் ஏ என்றால் பிள்ளையின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து, டைப் பி என்றால் சரிசெய்யாவிட்டால் ஆபத்தாகக்கூடியது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். எண்ணிக்கையோ நேரமோ தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததற்கு 15 வேலை நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். டைப் ஏ வந்தால் அந்த அறிக்கையை 30 நாள் ஒட்டிவைத்து, ஒவ்வொரு பெற்றோருக்கும் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று சாயங்காலம் வாசலில் நீங்களே நின்று அந்தத் தாளைக் கொடுங்கள். என்ன நடந்தது, நாளைக் காலையிலிருந்து என்ன மாறும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கு அது எழுதப்பட்ட அன்று நான் அப்படித்தான் நின்றேன். ஒரு குழந்தையைக்கூட யாரும் நிறுத்தவில்லை.