இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன்பே உடற்பயிற்சி செய்யலாமா? பிறகு எப்படித் தொடர்வது?

"ஆறு வாரத்தில் ஆபரேஷன். நடந்தாலே வலிக்கிறது. இந்த நிலையில் பயிற்சி செய்தால் மூட்டு இன்னும் கெட்டுப்போகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் போன வருடம் வலது இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அதற்கு முன் இதே பயத்தில் இரண்டு மாதம் பெரும்பாலும் படுத்தே கிடந்தேன். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

அந்த மூட்டை எப்படியும் மாற்றப்போகிறார்கள். நாம் காப்பாற்ற வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் தசைகளை. டாக்டர் தேய்ந்துபோன பந்தையும் (தொடை எலும்பின் உருண்டையான மேல்முனை) அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தையும் மாற்றிவிடுவார். வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் மெலிந்த தசையை நாம்தான் தேற்ற வேண்டும்.

பிசியோதெரபிஸ்டை இப்போதே ஒருமுறை பாருங்கள். எனக்குக் கடைசி மூன்று வாரத்துக்குச் சொன்னவை எளிமையானவைதான்: உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணுவது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கைகளுக்கும் பயிற்சி வேண்டும், ஏனென்றால் முதல் சில நாள் வாக்கரில் உங்களைத் தாங்கப்போவது அவைதான். வாக்கரில் நடப்பதையும் படி ஏறுவதையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கும்போது இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம். படுக்கையில் இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க, கொடுக்கும் மருந்தோடு இதுவும் உதவும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்தார்கள். அதனால் முதல் சில வாரம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது என்றார்கள். மீறினால் புது மூட்டு நழுவ வாய்ப்பு உண்டு. தாழ்வான சோபாவை மறந்துவிட வேண்டியதுதான். கமோடின் மேல் உயரம் கூட்டும் இருக்கை வைத்துக்கொண்டேன். முன்பக்கமாகச் செய்தால் கட்டுப்பாடுகள் வேறு. ஆகவே மற்றவர்களுக்குச் சொன்னதை அப்படியே பின்பற்றாமல் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நான் இடறியது இதற்குப் பிறகுதான். ஐந்தாவது வாரத்தில் வலி அறவே இல்லை. ஆள் தேறிவிட்டேன் என்று கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நாள் முழுக்க நடந்தேன். பிசியோதெரபிஸ்ட் என் நடையை மொபைலில் படம் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. வலி போயும் விந்தல் போகவில்லை.

காரணம் இடுப்பின் வெளிப்பக்கம் இருக்கும் ஒரு தசை, குளூட்டியஸ் மீடியஸ். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். அப்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். மூட்டுக்கு மிக அருகில் இருந்து இழுப்பதால் அது பெரும் விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில் மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். கைத்தடியை எதிர்க் கையில் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். மூட்டிலிருந்து தள்ளி ஊன்றுவதால், லேசாக அழுத்தினாலே அந்தத் தசையின் பாரம் நன்றாகக் குறைகிறது. வலது இடுப்பு என்றால் தடி இடது கையில். நிறையப் பேர் இதை மாற்றிப் பிடிப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

மறுபடி தடியை எடுத்தேன். நின்றபடி காலைப் பக்கவாட்டில் நீட்டுவது, டாக்டர் அனுமதித்த பிறகு ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, கண்ணாடி முன் ஒற்றைக்காலில் நிற்பது, இவற்றைத் தினமும் செய்தேன். நடைப்பயிற்சி மட்டும் போதாது. பலவீனமான தசையோடு எவ்வளவு நடந்தாலும் அந்தச் சாய்ந்த நடைதான் பழக்கமாகிறது. எனக்கு நடை நேரானது ஏழாவது மாதத்தில்.

டாக்டரை அடுத்து பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: எந்தப் பக்கமாகத் திறப்பீர்கள், முதல் நாளே முழு எடையையும் ஊன்றலாமா, எந்த அசைவுகளை எத்தனை வாரம் தவிர்க்க வேண்டும். பதில்களை வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரும் கூடவே இருந்து கேட்கட்டும்.