பேக்கப் டி டிரைவில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மின்பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கணினி, விண்டோஸ் 10. பில், சரக்கிருப்பு, பாக்கி எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில். விண்டோஸ், டேலி இரண்டையும் தெரிந்த கணினிக்காரர் ‘கிராக்’ செய்து, அதாவது காசு கட்டாமல் உரிமப் பூட்டை உடைத்து, போட்டுக் கொடுத்தார். போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு கடையில் கோப்புகள் அத்தனையும் பூட்டிக்கொண்டன; திறக்கப் பணம் கேட்டுத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்ததாம். நல்ல ஆன்டிவைரஸாக வாங்கச் சொல்கிறான் மகன். 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உங்கள் அளவுள்ள கடைக்குப் போதும். உங்கள் கணினியில் அநேகமாக அதன் வாயைப் பொத்தி உட்கார வைத்திருப்பார்கள், அதுதான் சிக்கல். கிராக் போடுகிறவர்கள் முதலில் செய்யும் வேலையே டிஃபெண்டரை அணைப்பதுதான். அணைக்காவிட்டால் அது கிராக்கையே பிடித்துவிடும். புதிதாக ஆன்டிவைரஸ் வாங்கினாலும் இதே கதை. ஒன்று, அது கிராக்கை அழிக்கும், டேலி திறக்காது. அல்லது, கணினிக்காரர் வந்து ‘இந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாதே’ என்று அதற்குச் சொல்லிவிட்டுப் போவார். சம்பளம் கொடுத்துக் காவலாளி வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் மட்டும் பார்க்காதே என்று சொன்ன மாதிரி.

கிராக் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். இன்று இரவு கடையைப் பூட்டும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நாளைக் காலை அந்தக் கணினி திறக்கவே இல்லை என்றால் எதையெல்லாம் திரும்பப் பெறலாம், எது போனால் போனதுதான் என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போட்ட பில்கள் நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் இருக்கின்றன. கொள்முதல் விவரம் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் கிடைக்கும். வங்கிக் கணக்கை வங்கி தரும். நீங்கள் டீலருக்குத் தர வேண்டிய பாக்கியை அவர் மறக்கவே மாட்டார். உங்களுக்கு வர வேண்டிய பாக்கி? புதுப்பாளையத்து எலக்ட்ரீஷியன் மூன்று சுருள் வயர் எடுத்துப் போனது, நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டுகிறவர் பாதிப் பணம் கொடுத்தது, திருப்பிக் கொண்டுவந்த சுவிட்சுகளுக்கு நீங்கள் கழித்துக்கொடுத்தது: இவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. கணினி போனால் வேறு கணினி வாங்கலாம். பாக்கிக் கணக்கு போனால் நல்லவர்கள் மட்டும்தான் தேடி வந்து கொடுப்பார்கள். உங்கள் பணம் முதலில் அந்தக் கணக்கைக் காப்பதற்குப் போகட்டும்.

‘பேக்கப் இருக்கிறது சார், டி டிரைவில்.’ கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் அதிகம் கேட்ட பதில் இதுதான். சி, டி, ஈ என்று திரையில் தனித்தனியாகத் தெரிந்தாலும், பெரும்பாலான கடைக் கணினிகளில் அவை ஒரே வட்டின் மூன்று அறைகள். வட்டு பழுதானால் மூன்றும் சேர்ந்தே போகும். கோப்பு பூட்டும் நிரலுக்கும் அறைக் கணக்கெல்லாம் கிடையாது. கண்ணில் படும் எல்லா டிரைவையும் சுற்றிவந்து, எழுத அனுமதி உள்ள கோப்புகள் அனைத்தையும் பூட்டும். இன்னொரு கணினியோடு பகிர்ந்து வைத்திருக்கும் கோப்புறையையும் விடாது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழித்துவிட்டுத்தான் பல நிரல்கள் தங்கள் வேலையையே தொடங்குகின்றன.

இதில் நானே தலைகுனிந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்குத் தனி ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்து, தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தானாக நகல் எடுக்கும்படி செய்துவிட்டுப் பெருமையாக வந்தேன். தானாக நடக்க வேண்டும் என்பதால் அந்த வட்டு எந்நேரமும் கணினியில் செருகியே இருந்தது. நிரல் வந்த அன்று அசலோடு நகலையும் பூட்டிவிட்டது. உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. ‘அப்படியானால் எதற்கு வாங்கினோம்?’ என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: நகல் எடுத்தவுடன் பிடுங்க வேண்டும்.

உங்கள் கடைக்கு ஹார்டு டிஸ்க்கூடத் தேவையில்லை. ஒரு கடையின் டேலி கணக்கு பல ஆண்டுகளுக்குச் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு ஜிபியைத் தாண்டுவது அரிது. பெயர் தெரிந்த கம்பெனியின் 64 ஜிபி பென்டிரைவ் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் சிவப்பு நூல், மற்றொன்றில் பச்சை நூல் கட்டுங்கள். டேலிபிரைமில் ஆல்ட் விசையோடு ஒய்யை அழுத்தினால் பேக்கப் என்ற தேர்வு வரும். அன்றன்றைய தேதியில் ஒரு கோப்புறை உருவாக்கி அதில் போடுங்கள். நேற்றைய நகலின் மேல் இன்றையதை எழுதாதீர்கள். கணக்கு நான்கு நாளைக்கு முன்பே கெட்டுப்போய், இன்றுதான் உங்களுக்குத் தெரியவரலாம். அப்போது ஐந்து நாளைக்கு முந்தைய நகல்தான் கைகொடுக்கும். ஒரு வாரம் சிவப்பு, மறு வாரம் பச்சை. அந்த வாரம் முறை இல்லாத பென்டிரைவ் கடையில் இருக்கக் கூடாது.

வேறெங்கே வைப்பது என்பது கடலூர்க்காரர்களுக்குச் சாதாரணக் கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. கடையும் வீடும் ஒரே தெருவில் என்றால் இரண்டு பென்டிரைவும் ஒரே தண்ணீரில் மிதக்கும். பண்ருட்டியில் சம்பந்தி வீடு இருந்தால் மாதம் ஒரு நகல் அங்கே போகட்டும். சொல்லப்போனால் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ மின்னணுக் கணக்குகள் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி நகல் இருக்க வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) விதிகளின் 57ஆவது விதி. கணக்கைக் காக்க வேண்டிய காலம், ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். அதிகாரி வந்து கேட்கும்போது ‘வைரஸ் தின்றுவிட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது; கணக்கு நகலை அங்கேயும் ஏற்றி வைக்கலாம். டேலி கோப்புறையையே டிரைவோடு இணைத்து வைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். இங்கே பூட்டப்பட்ட கோப்பை அது சமத்தாக அங்கேயும் கொண்டுபோய் வைத்துவிடும். பழைய பிரதிகளை 30 நாள்வரை வைத்திருக்கும் என்றாலும், ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இழுப்பது மனிதர் செய்யும் வேலையில்லை. நகலுக்குக் கடவுச்சொல் வேண்டுமென்றால் டேலிவால்ட் வசதி இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் டேலி நிறுவனத்தாலும் திறக்க முடியாது. ஆகவே அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதக் கூடாது என்பார்கள். உங்கள் பீரோவை எந்த வெளிநாட்டுத் திருடனும் உடைக்கப்போவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலைத் திறந்து பாருங்கள். உங்கள் கடைக் கணினியில் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மேலேயே பழையதை எழுதிவிட்டுக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. மகனுடைய மடிக்கணினியில் டேலியைக் கல்விப் பயன்முறையில் இலவசமாக நிறுவலாம்; திறந்து பார்க்க அது போதும். கடைசி பில் எண்ணும், இரண்டு எலக்ட்ரீஷியன்களின் பாக்கியும் கடையில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் ஆயிற்று.

இனி கிராக். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. திருட்டு விண்டோஸில் பெரும்பாலும் புதுப்பித்தல்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய ‘வானாகிரை’ நிரல் நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பித்தலை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கலாம். உங்களுடையது அங்கங்கே பாகம் வாங்கிக் கோத்த கணினியா, கம்பெனிக் கணினியா? கம்பெனிக் கணினி என்றால் விண்டோஸோடு விற்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று நீங்கள் ஒருநாள் சொல்லியிருப்பீர்கள். கணினிக்காரர் வட்டை மொத்தமாகத் துடைத்து (பார்மட் செய்து), நீங்கள் ஏற்கனவே காசு கொடுத்திருந்த ஹோம் பதிப்பைத் தூக்கிவிட்டு, கிராக் செய்த புரோ பதிப்பைப் போட்டிருப்பார். காசு கொடுத்த சொந்த வீட்டை விட்டுவிட்டுப் புறம்போக்கில் குடியிருக்கிறீர்கள். அந்த ஹோம் பதிப்பையே மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கி மறுபடி நிறுவினால் சாவி தானாகப் பொருந்திக்கொள்ளும். செலவு, அவருடைய கூலி மட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான புதுப்பித்தல்களும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ஆகவே பார்மட் செய்யும்போதே 11-க்கு மாறுங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் பெரும்பாலும் ஏற்கும். உங்கள் கணினி தகுதியானதா என்று விண்டோஸ் அப்டேட் பக்கமே சொல்லிவிடும். பார்மட்டுக்கு முன் நகல் எடுப்பதைக் கணினிக்காரரிடம் விடாதீர்கள்.

டேலிக்கு மொத்தமாகப் பணம் கட்ட முடியாவிட்டால் வாடகைக்கும் உரிமம் கிடைக்கிறது. கடிதம், விலைப்பட்டியல் வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் இலவசம், தமிழும் நன்றாகவே தட்டலாம். அங்கே கிராக் தேவையே இல்லை.

கணினிக்காரர் வரும் அன்றே ஒரு விஷயத்தை அவரிடம் கேட்டுவிடுங்கள். தொலைவிலிருந்து பழுது பார்க்க அவர் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவியிருப்பார்; நீங்கள் அனுமதிக்காமலே உள்ளே வர நிரந்தரக் கடவுச்சொல்லும் வைத்திருப்பார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஐம்பது கடைக்கும் அவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால், ஒரு கடையில் கசிந்தது உங்கள் கல்லாவரை வரும். அந்தக் கடவுச்சொல்லை நீக்கச் சொல்லுங்கள். வேண்டியபோது நீங்களே திறந்து விடலாம். பில் போடும் பையனுக்கு நிர்வாக அனுமதி இல்லாத தனிக் கணக்கு உருவாக்குங்கள். கோப்புகளின் பின்னொட்டுப் பெயரை விண்டோஸ் மறைத்து வைக்கும்; அதைத் தெரியும்படி மாற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஆர்டர்’ என்று வந்த பிடிஎஃப், உண்மையில் நிரலைக் குறிக்கும் இஎக்ஸ்இ என்று முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் அந்த ஆங்கிலக் கடிதம் உங்கள் திரையிலும் வந்துவிட்டால், முதலில் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். பென்டிரைவைப் பதற்றத்தில் செருகிவிடாதீர்கள். திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பணம் கட்டினால் திறந்துவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பங்குகொள்ளும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று பார்க்கும்வரை எதையும் பார்மட் செய்யவிடாதீர்கள். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள். வங்கியிலிருந்தோ யூபிஐ வழியாகவோ பணமே போயிருந்தால், மணிக்கணக்கு பார்க்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அதுவே வழி.

இரண்டு பென்டிரைவுக்கும் கணினிக்காரர் கூலிக்கும் போக உங்கள் 6,000 ரூபாயில் கொஞ்சம் மிஞ்சும். யூபிஎஸ் பேட்டரியை மாற்றி எத்தனை ஆண்டு ஆகிறது என்று பாருங்கள். கரண்ட் போனதும் கணினியும் உடனே அணைந்தால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிப் பட்டென்று அணைந்துதான் பல டேலி கணக்குகள் கெடுகின்றன. மிச்சப் பணத்தில் அதை மாற்றுங்கள். கணினிப் பெட்டி தரையில் இருந்தால், மேசைக்கு மேலே ஒரு பலகை அடித்துத் தூக்கி வையுங்கள்.